ஆட்சேபணை இல்லாத கொலைகாரன்

அக்காவுக்கு வாரியம் கொடுத்த பணிச் சான்றிதழில் மொத்தம் நான்கு வரிகள் இருந்தன. பத்தொன்பது ஆண்டுகள் தட்டச்சராக வேலை பார்த்தார் என்பது முதல் வரி. நேரம் தவறாதவர் என்பது இரண்டாவது. பிழையில்லாமல் தட்டச்சு செய்வார் என்பது மூன்றாவது. நம்பத்தகாதவர் என்பது நான்காவது. வேலை கேட்டுப் போன இடங்களில் முதல் மூன்று வரிகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். நூல் முன்பார்வை வாரியத்தின் முத்திரை இல்லாமல் எந்த அச்சகமும் எந்தக் கதையையும் அச்சிடாது. கதையின் ஓட்டத்தில் மயங்கி அதிகாரிகள் தடுமாறிவிடக் கூடாது என்பதால், ஒரு நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒவ்வொரு பரிசீலகர் படிப்பார். ஐந்தாம் அத்தியாயம் படித்தவருக்கு ஆறில் என்ன ஆயிற்று என்று தெரியாது. கேட்கவும் கூடாது. ஒருங்கிணைப்பு வேலை பார்க்கும் துணை இயக்குநர் மட்டும் கடைசி அத்தியாயம் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்கலாம். கடைசி அத்தியாயம் அரக்கு வைத்த உறையில் இரும்பு அலமாரிக்குள் போய்விடும். இறுதி அமர்வன்று தலைவர்தான் அதைப் பிரிக்க வேண்டும். அலமாரிக்கு ஒரே சாவி. அது துணை இயக்குநரின் இடுப்பு வளையத்தில் தொங்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயம் அந்த அலமாரியிலிருந்து காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. விசாரணை அரை நாள் நடந்தது. அலமாரிக்கு மிக அருகில் இருந்தது தட்டச்சரின் மேசை. அக்காவின் தம்பி கடைத்தெரு முனையில் பூட்டு பழுது பார்த்துச் சாவி வெட்டிக் கொடுக்கிறவன். தெருவுக்கே அவன் சாவிக்காரன். 'தட்டச்சரின் தம்பி சாவி வெட்டுபவர் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதற்கு அடுத்த வரியில் அக்காவுக்கு வேலை போனது.

சாவிக்காரன் தன்னைத்தானே நொந்துகொண்டான். "நான் தையல் கடை வச்சிருந்தா உனக்கு இப்படி ஆகியிருக்காதுல்லக்கா?"

"தையல் கடை வச்சிருந்தா, உறையைப் பிரிச்சுப் படிச்சுட்டு மறுபடி தைச்சுட்டான்னு சொல்லியிருப்பாங்க. போடா."

"பின்ன யாருதான் எடுத்தா?"

"அந்தத் துணை இயக்குநருதான். ஒரு வாரமா தாழ்வாரத்துல போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்தி, 'அந்தத் தோட்டத்து வீட்டுப் பொண்ண யாரு சுட்டிருப்பா?'ன்னு கேட்டுட்டு இருந்தாரு. கழிவறைக்கு அவசரமாப் போறவனக்கூட விடல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கேட்டாரு. திங்கக்கிழமை வந்தாரு, கேக்கல. பதில் தெரிஞ்சவன்தானே கேக்கறத நிறுத்துவான்?"

"இத விசாரணையில சொன்னியா?"

"சொன்னேன். 'கேட்கப்படாத கேள்வி ஆதாரமாகாது'ன்னு எழுதிக்கிட்டாங்க. அதையும் நான்தான் தட்டச்சு பண்ணேன்."

அக்கா சத்தம் போட்டு அழுகிற ஆள் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவள் வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு நாள் மதியம் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஆளுக்கு ஒரு வியாதி இருக்கு. முடிவு தெரியாம இருக்க முடியாது. மறுபடியும் ஒரு துப்பறியும் நாவல் வாரியத்துக்குப் போய், மறுபடியும் கடைசி அத்தியாயம் அந்த அலமாரிக்குள்ள உக்காந்துச்சுன்னா, கை சும்மா இருக்காது."

"நாவல யாருக்கா எழுதுவா?"

அக்கா அவனையே பார்த்தாள்.

"எனக்கு எழுதல்லாம் வராதுக்கா."

"பூட்டத் தெரியும்ல? அதுதான் வேணும்."

ஆள் வராத மதியங்களில் அரத்தையும் சாவிகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு அவன் ஏழு மாதம் எழுதினான். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஓரத்தில் தேதி போட்டு 'நன்றாக வரவில்லை' என்று குறித்துக்கொண்டான். அக்கா அந்தக் குறிப்பை விட்டுவிட்டு மற்றதைத் தட்டச்சு செய்தாள். முப்பத்திரண்டு அத்தியாயத்தில் கடைசியை மட்டும் பாக்கி வைத்தான். உள்பக்கம் தாழிட்ட அறையில் ஓர் ஆலை முதலாளி செத்துக் கிடக்கிறார். மருத்துவர், வக்கீல், சமையல்காரர், ஓட்டுநர், தோட்டக்காரர், கணக்கர், பாடகி என்று ஏழு பேர் மேல் சந்தேகம். யாரையும் நம்பாத, எல்லோரிடமும் அடி வாங்குகிற ஒரு தனியார் துப்பறிவாளன் கதையைச் சொல்கிறான். நாவல் இப்படித் தொடங்கியது:

'மழை இந்த ஊரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது. மேசையில் பாட்டில் காலியாக இருந்தது. நானும்தான்.'

அக்கா அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு, "பரவால்லடா, நீ ஒரு மாதிரியான ஆளுதான்" என்றாள்.

முப்பத்தோர் அத்தியாயங்களை வாரியத்தில் கொடுத்தார்கள். கடைசி அத்தியாயத்தை இறுதி அமர்வுக்கு நான்கு நாள் முன்னால் கொடுத்தால் போதும் என்பது விதி. மூன்றாவது வாரம் 'தொழில் கண்ணிய அமர்வு'க்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

நீளமான அறை. நீளமான மேசை. ஒரு பக்கம் சாவிக்காரனுக்கு மட்டும் ஒரு நாற்காலி. எதிர்ப்பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் துணை இயக்குநர். அவர் எழுந்து நின்று பேசினார்.

"நாங்க இங்க கதைய ரசிக்கறதில்ல. ரசிச்சா நடுநிலை போயிடும். இருபத்தாறு வருஷமா ஒரு கதையக்கூட நான் ரசிச்சது கிடையாது. அதனாலதான் என்னால எல்லாக் கதையையும் சமமா நடத்த முடியுது. உங்க கதையில ஏழு தொழில் சந்தேகத்துக்கு ஆளாகுது. கொலைகாரன் அவங்க தொழில்காரர் இல்லன்னு நீங்க ஒவ்வொரு சங்கத்துக்கும் எழுதிக் குடுக்கணும். இல்லன்னா அவங்க ஆட்சேபணை நிலுவையில நிக்கும்."

"எல்லாருக்கும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் கொலைய யாரு சார் பண்றது?"

"அது ஆசிரியரோட சுதந்திரம். அதுல வாரியம் தலையிடாது."

மருத்துவர்கள் சங்கத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்க கையில ஆளுங்க சாகறத நாங்க மறுக்கல. ஆனா இதுவரைக்கும் யாரையும் வேணும்னு சாகடிச்சதில்ல. அந்த நல்ல பேர நீங்க கெடுக்கக் கூடாது."

சாவிக்காரன் எழுதிக் கொடுத்தான்.

வக்கீல்கள் சங்கத்துக்காரர் பதினெட்டாம் அத்தியாயத்தைத் தூக்கிக் காட்டினார். "எங்க ஆளு கொன்னாருன்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவோம். ஆனா ஒரு வழக்கு எட்டே மாசத்துல முடிஞ்சதா எழுதியிருக்கீங்களே, இதப் படிச்சா ஜனங்க எங்களப் பத்தி என்ன நெனப்பாங்க?"

எட்டு மாதம் பதினொரு வருடமாயிற்று. அதுவரை துப்பறிவாளன் தாழ்வாரத்திலேயே காத்திருப்பதாக ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டது. வேறோர் அத்தியாயம் கழிக்கப்பட்டது.

சமையல்காரர்கள் சங்கத்துக்காரர், விஷம் வைத்தால் ருசி மாறும், தங்கள் ஆள் உயிரே போனாலும் ருசியை மாற்ற மாட்டான் என்றார். யாருடைய உயிர் என்று அவர் சொல்லவில்லை. ஓட்டுநர், தோட்டக்காரர், கணக்கர், பாடகி எல்லோருக்கும் வரிசையாக எழுதிக் கொடுத்தாயிற்று. பிறகு வானிலை அலுவலகத்துக்காரர் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"முப்பத்தோரு அத்தியாயத்துல இருபத்தொன்பதுல மழை பெய்யுது. பத்து வருஷச் சராசரிய மீறுது. இவ்வளவு மழை பெஞ்சிருந்தா நாங்க முன்கூட்டியே சொல்லியிருப்போம்."

"சொன்னீங்களா சார்?" என்று சாவிக்காரன் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"பெய்யலியே, எப்படிச் சொல்றது?"

கடைசியாகத் தனியார் துப்பறிவோர் சங்கத்தின் செயலாளர். தொப்பி வைத்திருந்தார். அதை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க துப்பறிவாளன் குடிக்கிறான். எங்க ஆளுங்களுக்கு அல்சர். அவன் அஞ்சு தடவ அடி வாங்கறான். எங்க விதிப்படி மாசத்துக்கு ஒரு அடிதான், அதுவும் ரசீதோட. அப்புறம், சொல்லாம கொள்ளாம ஒருத்தர் பின்னாலயே போறான். நாங்க அப்படிப் போறதில்ல. பின்தொடரப் போறவருக்கு மூணு நாள் முன்னாடியே கடுதாசி போட்டுடுவோம்."

"அப்ப அவங்க தப்பிச்சுட மாட்டாங்களா சார்?"

"தப்பிச்சா நாங்க போக வேண்டாம்ல? இதுல வேலை மிச்சம்."

கொலைகாரன் துப்பறிவாளனும் இல்லை என்று அவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் துணை இயக்குநருக்குத் தாழிட்ட அறை நினைவுக்கு வந்தது. பூட்டுத் தொழிலாளர்களின் கண்ணியம் என்ன ஆவது? அந்தச் சங்கத்தின் இந்த வட்டாரப் பிரதிநிதி யார் என்று பார்த்தால், சாவிக்காரன்தான். அவனை எழுப்பி எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றான். அதெப்படி இல்லாமல் இருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். யோசித்தான். இருக்கிறது என்றான். பழைய நாற்காலிக்கு அனுப்பி, தனக்குத்தானே எழுதிக் கொடுக்க வைத்தார்கள்.

அமர்வு முடிந்து வெளியே வந்தபோது, துணை இயக்குநர் தாழ்வாரத்தில் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? ஆபீஸ் வேலையா இல்ல, சும்மாதான். அந்தப் பாடகி நாலாம் அத்தியாயத்துல கையுறையத் துவைக்கிறாளே, அது எதுக்கு?"

"கடைசி அத்தியாயத்துல வரும் சார்."

"அதுசரி, அதுசரி" என்றவரின் விரல்கள் இடுப்பு வளையத்துச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தன.

திருத்திய நாவலை அக்கா மறுபடி தட்டச்சு செய்தாள். சாவிக்காரன் முதல் பக்கத்தைக் கையில் எடுத்தான்.

'மழை பெய்திருக்கலாம். மேசையில் ஒரு குவளை வெந்நீர் இருந்தது. நான் நலமாக இருந்தேன்.'

தாளைக் கவிழ்த்து வைத்தான். "அவ்வளவுதான்கா. சப்புன்னு ஆயிடுச்சு. இத எவன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவான்? ஏழு மாசம் வீணாப்போச்சு. உன் பேரு இப்படியே கிடக்கும்."

அக்கா இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

"நீ எழுதினப்ப சந்தேகம் ஏழு பேரு மேல. ஏழுல ஒண்ண அந்த ஆளே ஊகிச்சுருவாரு. இப்ப? ஏழு பேரும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டே. துப்பறிவாளனும் இல்ல. அந்தக் கடுதாசி எல்லாம் யாரு மேசைக்குப் போகுது? செத்தவன் செத்துக் கிடக்கான், கொன்னவன் எவனும் இல்ல. அந்த மனுஷனுக்கு இப்ப சோறு இறங்கும்னு நெனக்கிற?"

அவள் சொன்னது சரிதான். அடுத்த வாரம் துணை இயக்குநர் கடைக்கே வந்துவிட்டார். கன்னம் ஒட்டியிருந்தது. ஒரு பூட்டைக் கல்லாமேல் வைத்தார். சாவிக்காரன் திறந்து பார்த்தான், பூட்டிப் பார்த்தான்.

"பூட்டு நல்லாத்தானே சார் இருக்கு?"

"இருக்கட்டும், இருக்கட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தற்கொலையா?"

"இல்ல சார். முதலாளிகள் சங்கம் ஒத்துக்கல. அவங்க ஆளுங்களுக்கு எந்தக் கவலையும் கிடையாதாம்."

"விபத்து?"

"ஆலைப் பாதுகாப்புத் துறை ஆட்சேபிச்சுட்டாங்க சார்."

அவர் பூட்டை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பூட்டின் சாவியை மறந்துவிட்டுப் போனார்.

உண்மை என்னவென்றால், கொலைகாரன் யார் என்று சாவிக்காரனுக்கே இப்போது தெரியாது. முதலில் மருத்துவரைத்தான் நினைத்து வைத்திருந்தான். எழுதிக் கொடுத்த பிறகு மாற்ற வேண்டியதாயிற்று, அடுத்து நினைத்தவரும் போனார், பிறகு ஆளே இல்லை. கடைசி அத்தியாயத்துக்கு உட்கார்ந்து ஒன்பது முறை கிழித்துப் போட்டான். அக்கா அவன் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"நீ எழுத வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

இருபத்திரண்டு தாள் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கால் மணி நேரத்தில் அரக்கு வைத்த உறையோடு வெளியே வந்தாள். உள்ளே என்ன என்று அவன் கேட்டதற்கு, "தேவையானது" என்றாள்.

வியாழக்கிழமை உறையைக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அலுவலகம் விடும் நேரத்தில் இருவரும் எதிர்ச்சாரியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். துணை இயக்குநர் படியிறங்கி வந்தார். பையைத் தோளில் மாட்டாமல், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே பிடிச்சுடலாமாக்கா?"

"பிடிச்சா, ஆபீஸ் வேலையா எடுத்துட்டுப் போறேன்னு சொல்லுவாரு. எல்லாரும் ஆமான்னு தலையாட்டுவாங்க. விடு. அவர் வாயால வரணும்."

"வரலன்னா?"

அக்கா கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை இறுதி அமர்வு. பார்வையாளர் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அலமாரியைத் திறந்தார்கள். உறை இருந்தது. அரக்கு உடையாமல், பளபளவென்று இருந்தது. ஆள் எடுக்கவே இல்லையா? சாவிக்காரன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் உறையைப் பார்க்கவில்லை. துணை இயக்குநரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

தலைவர் வயதானவர், நிதானமானவர். உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்நூலின்மேல் எந்தச் சங்கத்துக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று வரிசையாகப் பதில் வந்தது. துப்பறிவோர் சங்கத்துக்காரர் தொப்பியைத் தூக்கி இல்லை என்றார்.

தலைவருக்கு முகம் மலர்ந்தது. "நம்ம வாரியம் தொடங்கின நாளா, எல்லாச் சங்கமும் ஒத்துக்கிட்ட கொலைகாரன் இவன் ஒருத்தன்தான். இந்த ஆசிரியர் மத்த எழுத்தாளர்களுக்கெல்லாம் ஒரு முன்மாதிரி. முடிவு ரொம்ப அருமையா இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. பிரிக்கறதுக்கு முன்னாடியே ஆசிரியர எல்லாரும் ஒரு தடவ கைதட்டிப் பாராட்டிடுவோம்."

கை தட்டினார்கள். சாவிக்காரன் எழுந்து கும்பிட்டான்.

"எதுக்குக் கைதட்டறீங்க?"

துணை இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். குரல் கிறீச்சிட்டது.

"எதுக்குய்யா கைதட்டறீங்க? முடிவா? முடிவே எழுதல அவன்! இருபத்திரண்டு தாள், மேல பக்க எண், கீழ வெத்து! சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஒவ்வொரு தாளையும் வெயில்ல பிடிச்சுப் பாத்தேன். எலுமிச்சம்பழச் சாறுல எழுதியிருப்பானோன்னு இஸ்திரி போட்டுப் பாத்தேன்! ஒரு எழுத்து இல்ல! முப்பத்தோரு அத்தியாயம் ஒருத்தன உக்கார வச்சு, கையுறையத் துவைக்க வச்சு, ஜன்னலத் தொடைக்க வச்சு... யாருய்யா கொன்னது? சொல்லித் தொலையேன்டா!"

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

தலைவர் கையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இத நான் இன்னும் பிரிக்கவே இல்லையே?"

பிரித்தார். இருபத்திரண்டு வெற்றுத் தாள்கள். பதினோராம் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தாள். "சார், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த அந்த நாவல்?"

துணை இயக்குநர் அவளை யார் என்றே கவனிக்கவில்லை. இன்னும் சாவிக்காரனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். "அதையும்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். படிச்சு முடிச்ச மயக்கத்துல பேருந்துலயே விட்டுட்டு இறங்கிட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், அதுல முடிவு இருந்துச்சு! அந்த எழுத்தாளனுக்கு மனசாட்சி இருந்துச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினார். துப்பறிவோர் சங்கத்துக்காரர் தொப்பியைக் காப்பாற்றுவதற்காக அந்த நாற்காலியைச் சற்று நகர்த்தியிருந்தார்.

வாரியம் எதையும் அரைகுறையாக விடாது. முதலில் வெற்று அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆட்சேபணைக்குரிய சொல் ஒன்றுகூட அதில் இல்லை என்பதால், ஒரு திருத்தமும் இல்லாமல் நிறைவேறிய முதல் அத்தியாயம் என்று பதிவு செய்து முத்திரை குத்தினார்கள். இஸ்திரிக் கறையை மட்டும் அச்சில் தவிர்க்கும்படி குறிப்பு எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் துணை இயக்குநரின் விஷயத்துக்கு வந்தார்கள்.

அக்காவை அதே மேசைக்குத் திரும்ப அழைத்தார்கள். புதிய சான்றிதழில் மூன்று வரிகளே இருந்தன. தலைவர் வருத்தம் தெரிவித்து, ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வரலாம் என்றார். "இல்ல சார், முதல் வேலைய இன்னிக்கே பண்ணிடறேன்" என்றாள்.

முதல் வேலை, துணை இயக்குநரின் பணிநீக்க ஆணை. வாரியத்துக்கு வேறு தட்டச்சர் கிடையாது. ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதால் அவர் மேசைக்கு முன்னால் நின்றார். நாற்காலி இருந்தது, அதன்மேல் அக்கா கைப்பையை வைத்திருந்தாள்.

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். "உங்க பேருக்கு முன்னால 'திரு' போடணுமா சார்? விதியில இருக்கான்னு பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டாள். போனாள். அரை மணி நேரம் கழித்து வந்து, இல்லை என்றாள். ஓரம் அரை விரல் குறைந்துவிட்டது என்று முதல் தாளை உருவிவிட்டு, வேறு தாள் செருகி மறுபடி ஆரம்பித்தாள். 'நம்பிக்கைத் துரோகம்' என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, "இத இன்னும் கொஞ்சம் அழுத்தமா அடிக்கணும், மூணாவது பிரதியிலயும் விழணும்ல?" என்று அவரிடமே அபிப்பிராயம் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்தது. பரிசீலகர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். யாரும் நின்று பேசவில்லை.

கடைசி வரிக்கு வந்தபோது அவர் மேசைமேல் குனிந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. இனிமே நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. உங்க தம்பி எழுதினத முழுக்கத் தட்டச்சு பண்ணது நீங்கதான். அந்தக் கொலைகாரன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா விசைகளிலிருந்து கையை எடுத்தாள். அவர் முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும் சார்" என்றாள்.

அவர் காத்திருந்தார். அவள் தாள்களை உருவி, கார்பனைப் பிரித்து, மூன்று பிரதிகளையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மூணுலயும் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருந்தார். அக்கா வேறொரு தாளை எடுத்து, இரண்டு ஓரமும் சமமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் செருகினாள்.